சந்திரசேகர் போட்ட ‘பிரேக்’ கணக்கு: டார்க் மேட்டர் எங்கே குவிந்திருக்கிறது என்று காட்டும் 1943 ஃபார்முலா

அடி அண்ணாமலை. திருவண்ணாமலை பெரிய கோயிலிலிருந்து பார்த்தால் மலைக்கு மறுபக்கம். பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க தலைகளாகத்தான் தெரியும். மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே திசையில் நடப்பார்கள். சிலர் விறுவிறுவென்று, சிலர் கால் வலியோடு மெதுவாக.

இப்போ ஒரு கற்பனை. அந்தக் கூட்டத்துக்குள் ஒரு பெரிய சினிமா ஸ்டார், மாஸ்க்கூட போடாமல் எல்லோரையும்விட வேகமாக நடக்கிறார். முன்னால் போகிறவர்கள் முதுகைக் காட்டி நடப்பதால் அவர் வருவது அவர்களுக்குத் தெரியாது. தாண்டிப்போன பிறகுதான் முகத்தைப் பார்க்கிறார்கள், பின்னாலேயே ஓடிவந்து சட்டையைப் பிடிக்கிறார்கள். அவருக்குப் பின்னால் ஆள் சேரச் சேர, நடை தளர்கிறது.

அந்த நேரம் பார்த்து கரன்ட் கட். நிலாவையும் மேகம் மூடிவிட்டது. மலை மேலே நிற்பவருக்குத் தெரிவது அந்த ஸ்டார் கையில் இருக்கும் டார்ச் வெளிச்சம் மட்டும்தான், கூட்டம் கண்ணுக்கே தெரியாது. ஆனால் டார்ச் எந்த இடத்தில் எவ்வளவு ஸ்லோ ஆகிறது என்று கவனித்தாலே, எங்கே நெரிசல், எங்கே காலி என்று சொல்லிவிடலாம்.

கேலக்ஸிகளைச் சுற்றி டார்க் மேட்டர் எனப்படும் கரும்பொருள் எப்படிப் பரவியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள விஞ்ஞானிகள் வைத்திருக்கும் வழிகளில் ஒன்று கிட்டத்தட்ட இதுதான். அந்தக் கணக்கை முதலில் போட்டவர் சுப்ரமணியன் சந்திரசேகர். நோபல் பரிசு, சந்திரசேகர் எல்லை, எடிங்டனோடு மோதல் என்று ஜி.கே. புத்தகத்தில் நாம் படித்த அதே சந்திரசேகர். இந்தக் கணக்கு மட்டும் ஜி.கே. புத்தகத்தில் வராது.

லாகூர் டு திருவல்லிக்கேணி

1910 அக்டோபர் 19-ல் லாகூரில் பிறந்தார். அப்பா சுப்ரமணிய ஐயர் ரயில்வே கணக்குத் துறையில் உயர் அதிகாரி. அம்மா சீதாலட்சுமி, இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். 10 பிள்ளைகளில் மூன்றாவது, மகன்களில் மூத்தவர். அப்பாவின் தம்பிதான் சி.வி.ராமன். ஆக, நோபல் வாங்கிய சித்தப்பா வீட்டிலேயே இருந்தார்.

1918-ல் குடும்பம் சென்னைக்கு வந்தது. 12 வயது வரை வீட்டிலேயே படிப்பு, பிறகு திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, அப்புறம் மாநிலக் கல்லூரி. மகன் ஐ.சி.எஸ். எழுத வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. மனசுக்குப் பிடித்ததைப் படிக்கட்டும் என்று நின்றவர் அம்மா. 1930-ல் கேம்பிரிட்ஜில் படிக்க அரசு உதவித்தொகை கிடைத்தபோது அம்மா கடுமையான நோயில் இருந்தார். போகத் தயங்கிய மகனைப் போகச் சொன்னதும் அவரே. அடுத்த ஆண்டு மே மாதம் அவர் இறந்தபோது சந்திரசேகர் இங்கிலாந்தில் இருந்தார்.

கப்பல் பயணத்தில் 19 வயதுப் பையன் போட்ட கணக்கு எல்லோருக்கும் தெரிந்த கதை. எரிபொருள் தீர்ந்துபோன விண்மீன் சுருங்கி ‘வெண்குள்ளன்’ ஆகும். ஆனால் சூரியனைப் போல சுமார் 1.4 மடங்குக்கு மேல் எடை இருந்தால் அப்படி நிம்மதியாக அடங்க முடியாது, மேலும் மேலும் சுருங்கிக்கொண்டே போகும். 1935 ஜனவரி 11-ல் லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் அவர் இதை விளக்கினார். அடுத்துப் பேசிய ஆர்தர் எடிங்டன், அன்றைய வானியலின் உச்ச நட்சத்திரம், அது அபத்தம் என்று எல்லோர் முன்பும் கிண்டலடித்தார். சில பெரிய இயற்பியலாளர்கள் தனிப்பட்ட முறையில் சந்திரசேகர் பக்கம்தான் இருந்தார்கள். ஆனா வெளியே வந்து சொல்ல ஆளில்லை.

24 வயசு. வெளிநாடு. தன் கணக்கு சரி என்று தெரிந்தும் சபையில் தோற்றுப்போன நிலைமை. இதை வைத்து இன்னும் 10 வருஷம் சண்டை போடலாம், இல்லை கடையை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். சந்திரசேகர் ரெண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். அதுவும் ஒரு ஒழுங்கோடு. விண்மீன்களின் உள்ளமைப்பு பற்றித் தனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரு புத்தகமாக எழுதி 1939-ல் வெளியிட்டார், அந்தத் துறையிலிருந்து கிளம்பினார். பிறகு வாழ்நாள் முழுக்க இதுவே அவர் பாணியானது: ஒரு துறைக்குள் போவது, சில ஆண்டுகள் மூழ்குவது, தலையணை சைஸில் ஒரு புத்தகம் எழுதுவது, அடுத்த துறைக்கு நகர்வது. எடிங்டன் மீதும் காழ்ப்பு வைத்துக்கொள்ளவில்லை. இருவரும் கடைசி வரை கடிதத் தொடர்பில் இருந்தார்கள்.

பனி ஊரில் ஒரு கேள்வி

1936-ல் மாநிலக் கல்லூரியில் தனக்கு ஒரு வருஷம் ஜூனியரான லலிதாவைத் திருமணம் செய்துகொண்டார். அடுத்த ஜனவரியில் அமெரிக்கா. சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகம், விஸ்கான்சின் மாநிலத்தில் வில்லியம்ஸ் பே என்ற குட்டி ஊரில் இருந்தது. நிறத்தைக் காரணம் காட்டி அவர் சிகாகோ வளாகத்தில் பாடம் எடுக்கக் கூடாது என்று ஒரு டீன் முட்டுக்கட்டை போட்டதும், பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் அதை ஒதுக்கித் தள்ளியதும் இந்தக் காலத்தில்தான்.

அங்கே அவர் எடுத்துக்கொண்ட புது விஷயம், விண்மீன் கூட்டங்களின் இயக்கம். ஒரு விண்மீனுக்குள் என்ன நடக்கிறது என்பதை விட்டுவிட்டு, ஆயிரக்கணக்கான விண்மீன்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சுற்றினால் என்ன ஆகும் என்ற கேள்வி. உதாரணத்துக்கு வானத்தில் நாம் பார்க்கும் கார்த்திகை. ஆறு விண்மீன் என்று எண்ணுவோம், உண்மையில் நூற்றுக்கணக்கானவை சேர்ந்த கொத்து. இப்படி ஒரு கொத்து எத்தனை கோடி ஆண்டுகள் கலையாமல் இருக்கும்?

இதில் அவருக்கு ஒரு சிக்கல் வந்தது. ஒரு விண்மீன் போகிற வழியில் பக்கத்து விண்மீன்கள் அதைக் கொஞ்சம் அந்தப் பக்கம், கொஞ்சம் இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். தண்ணீரில் மிதக்கும் மகரந்தத் துகளைத் தண்ணீர் மூலக்கூறுகள் இடித்து இடித்து ஆட்டுவது மாதிரி. இந்தச் சில்லறை இழுப்புகள் மட்டுமே இருந்தால், காலப்போக்கில் விண்மீன்களின் வேகம் சராசரியாகக் கூடிக்கொண்டே போகும், கொத்து சீக்கிரமே சிதறிவிடும். அப்போ, வேகத்தைக் குறைக்கும் ஏதோ ஒரு பிரேக்கும் கூடவே இருந்தாக வேண்டும். விண்வெளியில் காற்று கிடையாது, உரசுவதற்கு எதுவும் இல்லை. பிரேக் எங்கிருந்து வரும்?

ஈர்ப்பு விசையிலிருந்தேதான் என்று காட்டினார். கனமான ஒன்று கூட்டத்துக்குள் பாயும்போது, தாண்டிப்போகும் ஒவ்வொன்றையும் தன் பாதைப் பக்கம் வளைக்கிறது. வளைந்தவை வந்து சேர்வதற்குள் அது முன்னே போய்விடும். ஆக, அதன் வால் பக்கம் கொஞ்சம் கூடுதல் நெரிசல் உருவாகிறது. அந்த நெரிசலின் ஈர்ப்பு அதைப் பின்னால் இழுக்கிறது. இதற்கு அவர் வைத்த பெயர் டைனமிகல் ஃப்ரிக்‌ஷன், தமிழில் இயக்க உராய்வு. 1943-ல் ‘அஸ்ட்ரோஃபிசிகல் ஜர்னல்’ இதழில் இதே தலைப்பில் மூன்று கட்டுரைகள் வந்தன.

ஃபார்முலாவை இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் அதன் மூன்று குணங்களைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது.

முதலாவது, போகும் பொருள் எவ்வளவு கனமோ அவ்வளவு பிரேக். எடை இரண்டு மடங்கானால் பின்னிழுக்கும் விசை நான்கு மடங்கு. சாதாரண பக்தரை யாரும் நிறுத்த மாட்டார்கள், ஸ்டாரைத்தான் நிறுத்துவார்கள். அடுத்தது பைக் ஓட்டுகிறவர்களுக்கு வினோதமாக இருக்கும். எதிர்க்காற்றில் வேகமாகப் போகப் போக எதிர்ப்பு கூடும். இங்கே தலைகீழ். மிக வேகமாகப் பாய்ந்தால் யாரையும் வளைக்க நேரம் இருக்காது, பிரேக் குறையும்.

மூன்றாவதுதான் நம் கதைக்கு உயிர். சுற்றியிருக்கும் துகள்கள் ஒவ்வொன்றும் என்ன எடை என்பது, போகும் பொருளோடு ஒப்பிட அவை மிகச் சிறியவையாக இருக்கும்வரை, ஃபார்முலாவுக்குத் தேவையே இல்லை. ஒரு இடத்தில் மொத்தமாக எவ்வளவு பொருள் அடைந்திருக்கிறது, அது எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்பது போதும். அது விண்மீனாக இருக்கலாம், மணல் துகளாக இருக்கலாம், ஒளியே விடாத வேறு எதுவாகவும் இருக்கலாம். சந்திரசேகர் மனதில் இருந்தது விண்மீன்கள் மட்டும்தான். டார்க் மேட்டர் அவருடைய ஆராய்ச்சித் தலைப்பாக எப்போதும் இருந்ததில்லை.

எடிட்டர் மேஜைக்கு வந்த ஆதாரம்

கண்ணுக்குத் தெரியாத பொருள் இருக்க வேண்டும் என்ற பேச்சு 1943-க்கு முன்பே உண்டு. 1933-ல் ஃப்ரிட்ஸ் ஸ்விக்கி, கோமா கேலக்ஸிக் கூட்டத்தில் கேலக்ஸிகள் ஓடும் வேகத்துக்கு அங்கே தெரியும் பொருள் போதாது என்று எழுதினார். பெரும்பாலானவர்கள் கண்டுகொள்ளவில்லை.

சந்திரசேகரும் அடுத்த துறைகளுக்குப் போய்விட்டார். உலகப்போரின்போது மேரிலாந்தில் ராணுவத்துக்கான குண்டுப் பாய்ச்சல் கணக்குகள், பிறகு ஒளி விண்மீன்களின் வளிமண்டலத்தைக் கடந்து வருவது எப்படி என்ற ஆய்வு, அதற்கடுத்து திரவங்களின் நிலைத்தன்மை. கூடவே 1952-லிருந்து 1971 வரை, கிட்டத்தட்ட 20 வருஷம், அதே ‘அஸ்ட்ரோஃபிசிகல் ஜர்னல்’ இதழின் எடிட்டர். ஒரு பல்கலைக்கழகத்தின் இதழாக இருந்ததை உலக வானியலின் முதன்மை இதழாக மாற்றியது அவர் உழைப்பு.

அவர் எடிட்டராக இருந்த 1970-ல்தான் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமெடா கேலக்ஸி பற்றி எழுதிய கட்டுரை அந்த இதழில் வெளியானது. விஷயம் இதுதான்: நம் சூரியக் குடும்பத்தில் புதன் நொடிக்கு 47 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. வெகு தூரத்தில் இருக்கும் நெப்டியூனுக்கு வெறும் 5 சொச்சம். சூரியனிடமிருந்து விலக விலக வேகம் குறையும். கேலக்ஸியிலும் பெரும்பாலான வெளிச்சம் நடுவில்தான், அப்போ ஓரத்தில் வேகம் விழ வேண்டும். ஆண்ட்ரோமெடாவின் ஓரத்திலோ அளக்க முடிந்த தூரம் வரைக்கும் வேகம் அப்படி விழவில்லை. அடுத்த பத்தாண்டில் வேறு பல கேலக்ஸிகளை அளந்தபோதும் இதே கதை. வெளிச்சம் முடியும் இடத்தில் பொருள் முடியவில்லை.

அடுத்த அடி, சந்திரசேகரின் மாணவரிடமிருந்து வந்தது. ஜெரிமையா ஆஸ்ட்ரைக்கர், 1964-ல் சந்திரசேகரிடம் பிஎச்.டி. முடித்தவர். அந்தச் சமயம் குருவின் கவனம் சுழலும் திரவ உருண்டைகள் மேல் இருந்தது. வேகமாகச் சுழலும் திரவம் ஒரு கட்டத்துக்கு மேல் உருண்டையாக நிற்காது, நீண்டு கோழி முட்டை மாதிரி ஆகிவிடும். சிஷ்யரின் ஆய்வும் சுழலும் பொருட்கள் பற்றியே. 1973-ல் ஆஸ்ட்ரைக்கரும் ஜேம்ஸ் பீபிள்ஸும் இதே யோசனையைக் கேலக்ஸி மேல் பொருத்திப் பார்த்தார்கள். தட்டையான விண்மீன் தட்டு மட்டும் தனியாகச் சுழன்றால் சீக்கிரமே உருக்குலைந்து நீள்கட்டை மாதிரி ஆகிவிடும் என்று கம்ப்யூட்டரில் தெரிந்தது. நம் பால்வெளி அப்படிச் சிதையாமல் இருக்கிறது என்றால், அதைச் சுற்றி உருண்டையாக, பெரிய எடையோடு, இருட்டாக ஏதோ ஒன்று பிடித்து நிறுத்துகிறது.

அதற்குப் பெயர் ‘ஹாலோ’. தமிழில் ஒளிவட்டம் என்று சொல்லிவிடலாம்தான், ஆனா ஒளியே இல்லாத ஒன்றை அப்படிக் கூப்பிடுவது பெரிய காமெடி. அதனால் ஹாலோ என்றே இருக்கட்டும். பால்வெளியின் விண்மீன் தட்டு சுமார் 1 லட்சம் ஒளியாண்டு அகலம். ஹாலோ அதைவிடப் பல மடங்கு பெரிது. பிரபஞ்சம் முழுக்கக் கணக்குப் பார்த்தால் டார்க் மேட்டர், சாதாரணப் பொருளைப் போல சுமார் 5 மடங்கு.

1975-ல் ஆஸ்ட்ரைக்கர், ஸ்காட் ட்ரெமெய்ன், லைமன் ஸ்பிட்சர் மூவரும் குருவின் 1943 ஃபார்முலாவைக் கையில் எடுத்தார்கள். ஆண்ட்ரோமெடாவைச் சுற்றும் கனமான விண்மீன் கொத்துகள் இயக்க உராய்வால் வேகம் இழந்து, சுருள் சுருளாக உள்ளே இறங்கி, நடுவில் சேர்ந்திருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். அதாவது கொத்துகளை டார்ச் வெளிச்சமாகப் பார்க்கத் தொடங்கினார்கள்.

விழ வேண்டியவை ஏன் விழவில்லை?

ஹாலோ இருக்கிறது, சரி. உள்ளே அது எப்படி அடுக்கியிருக்கிறது? இதில்தான் இன்றுவரை சண்டை.

1990-களில் ஹூலியோ நவரோ, கார்லோஸ் ஃப்ரெங்க், சைமன் ஒயிட் மூவரும் கம்ப்யூட்டரில் டார்க் மேட்டர் ஹாலோக்களை உருவாக்கிப் பார்த்தார்கள். சின்னதோ பெரியதோ எல்லாமே ஒரே மாதிரி வந்தன. ஓரத்தில் மெலிசு, உள்ளே போகப் போக அடர்த்தி ஏறிக்கொண்டே போய், நடுவில் கூர்மையாக ஒரு குவியல். அரிசியைக் கொட்டினால் கூம்பாக நிற்குமே, அந்த மாதிரி. ஆனால் பல குள்ள கேலக்ஸிகளில் விண்மீன்கள், வாயுக்களின் வேகத்தை அளந்தால் வேறு படம் கிடைக்கிறது. நடுவில் கூர்மை இல்லை. அந்த அரிசியைக் கையால் தட்டிச் சமப்படுத்தியது போல ஒரு பரப்பு.

கூம்பா, தட்டையா? சும்மா வடிவத்துக்கான சண்டை இல்லை இது. டார்க் மேட்டர் துகள்கள் ஒன்றோடொன்று ஈர்ப்பைத் தவிர வேறு எந்த வகையிலும் மோதாதவை என்றால் கூம்பு வரும். தட்டை என்றால், ஒன்று அந்தத் துகள்கள் வேறு ஜாதி; இல்லையென்றால் வெடித்த விண்மீன்கள் வாயுவை ஊதித் தள்ளியதில் நடுப்பகுதி கலைந்திருக்கிறது. டார்க் மேட்டர் எதனால் ஆனது என்பதற்கு ஆய்வகங்களில் இதுவரை நேரடிப் பதில் கிடைக்கவில்லை. அதனால் அது பரவியிருக்கும் விதம்தான் இப்போதைக்குக் கையில் இருக்கும் பெரிய துப்பு.

ஃபோர்னாக்ஸ் என்றொரு குள்ள கேலக்ஸி இருக்கிறது. நம்மிடமிருந்து சுமார் 4.7 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் பால்வெளியைச் சுற்றிவருகிறது. அதற்குள் நெடுங்காலமாகத் தெரிந்த 5 உருண்டை விண்மீன் கொத்துகள் உண்டு, எல்லாமே மிகப் பழையவை. ஃபோர்னாக்ஸில் விண்மீன்கள் குறைவு, கரும்பொருள்தான் ஆதிக்கம். நடுவில் கூம்பாகக் குவிந்திருந்தால், சந்திரசேகர் கணக்குப்படி பெரும்பாலான கொத்துகள் எப்போதோ பிரேக் பிடித்து நடுவில் போய் விழுந்திருக்க வேண்டும். அவை இன்னும் வெளியே சுற்றுகின்றன. 1976-ல் ட்ரெமெய்ன் எழுப்பிய கேள்வி இது.

2006-ல் வந்த கம்ப்யூட்டர் ஆய்வுகள் ஒரு வழி காட்டின. நடுப்பகுதி தட்டையாக இருந்தால், கொத்து அந்த எல்லையைத் தொட்டதும் பிரேக் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. ஏன்? அங்கே துகள்கள் கொத்தோடு சேர்ந்து ஒரே தாளத்தில் சுற்ற ஆரம்பித்துவிடுகின்றன. கிரிவலத்தில் எல்லோரும் ஸ்டாரின் வேகத்திலேயே கூட நடந்தால், பின்னால் நெரிசல் எப்படி வரும்? சந்திரசேகரின் ஃபார்முலா இதைச் சொல்வதில்லை. எல்லாப் பக்கமும் ஒரே அடர்த்தி, துகள்கள் தாறுமாறாக ஓடுகின்றன என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. வேடிக்கை என்னவென்றால், ஃபார்முலா பொருந்தாமல் போகும் இடமே அங்கே என்ன இருக்கிறது என்பதற்குத் தடயம் ஆகிறது. கொத்துகள் வெகு தாமதமாக ஃபோர்னாக்ஸுக்குள் வந்திருக்கலாம் என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். கேஸ் இன்னும் முடியவில்லை.

பெயரில் ஒரு தொலைநோக்கி

1983-ல் சந்திரசேகருக்கும் வில்லியம் ஃபௌலருக்கும் இயற்பியல் நோபல். அவருக்கு வயது 73. விண்மீன்களின் அமைப்பு, பரிணாமம் பற்றிய ஆய்வுகளுக்காக என்றது அறிவிப்பு. கப்பலில் போட்ட கணக்குக்குக் கிடைத்த பரிசு என்றே உலகம் எடுத்துக்கொண்டது. அரை நூற்றாண்டு வேலையில் 19 வயதில் செய்ததை மட்டும் தூக்கிப் பிடிப்பது போல் அது தெரிந்ததில் அவருக்கே வருத்தம் உண்டு. நியாயமான வருத்தம்தான். இயக்க உராய்வு ஒன்றுக்கே தனியாக ஒரு பாராட்டு விழா வைத்திருக்கலாம்.

1995 ஆகஸ்ட் 21-ல் சிகாகோவில் காலமானார். கடைசிப் புத்தகம், நியூட்டனின் ‘பிரின்சிபியா’வுக்கு அவர் எழுதிய விளக்கம், அதே ஆண்டுதான் வந்தது.

1999 ஜூலையில் நாசா விண்ணில் செலுத்திய எக்ஸ்ரே தொலைநோக்கிக்கு ‘சந்திரா’ என்று அவர் பெயர். 2006-ல் அது டார்க் மேட்டர் கதைக்குள் நேரடியாக நுழைந்தது. சுமார் 380 கோடி ஒளியாண்டு தூரத்தில் இரண்டு கேலக்ஸிக் கூட்டங்கள் மோதிய இடம், புல்லட் கிளஸ்டர். சாதாரணப் பொருளில் பெரும்பங்கு சூடான வாயு. அது ஒன்றோடொன்று மோதி நடுவழியில் தேங்கி எக்ஸ்ரேயில் ஒளிர்வதை சந்திரா படம் பிடித்தது. பின்னால் இருந்து வரும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை மற்ற தொலைநோக்கிகளால் அளந்து எடை எங்கே இருக்கிறது என்று பார்த்தால், வாயு நின்ற இடத்தில் இல்லை. அதைத் தாண்டி இரண்டு பக்கமும் போயிருந்தது. தெரியும் பொருள் ஓரிடம், எடை வேறிடம்.

சரி, அந்தப் பின்னால் சேரும் கூட்டத்தை யாராவது நேரில் பார்த்திருக்கிறார்களா? 2021-ல் அதுவும் நடந்தது. பால்வெளிக்குப் பக்கத்தில், சுமார் 1.6 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் பெரிய மாகெல்லன் மேகம் என்ற துணை கேலக்ஸி இருக்கிறது. நம் ஹாலோவுக்குள் பாய்ந்துகொண்டிருக்கும் கனமான ஆள் அது. ஹாலோவில் 2 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக்கிடக்கும் சுமார் 1,300 விண்மீன்களைத் தேடியெடுத்து ஹார்வர்டு விஞ்ஞானிகள் வானம் முழுக்க ஒரு மேப் போட்டார்கள். மாகெல்லன் மேகம் வந்த வழியில், அதன் பின்னால், விண்மீன்கள் கூடுதலாக அடைந்திருந்தன. படகு போன தடம் தண்ணீரில் தெரிவது போல. கரும்பொருளிலும் அதே தடம் இருக்கும் என்பது கணிப்பு. விண்மீன்கள் அதைக் காட்டிக்கொடுக்கின்றன. அந்தப் பிடியில் வேகம் இழந்து மாகெல்லன் மேகம் சுமார் 240 கோடி ஆண்டுகளில் பால்வெளிக்குள் விழும் என்கிறது 2019-ல் வெளியான ஒரு ஆய்வு.

திருவண்ணாமலையிலிருந்து அதைப் பார்ப்பது கஷ்டம், ஆனா முடியாத காரியம் இல்லை. தீபம் முடிந்து வரும் அமாவாசை வாக்கில், நள்ளிரவில் அது தெற்கு அடிவானத்துக்கு மேலே சுமார் 8 டிகிரி வரை எழும். நீட்டிய கையில் ஒரு முஷ்டி உயரத்துக்கும் கொஞ்சம் குறைவு. ஊர் வெளிச்சம் இல்லாத, தெற்கே மரமோ மலையோ மறைக்காத இடமும் ஒரு பைனாகுலரும் வேண்டும். பனிமூட்டம் இல்லாமல் இருந்தால், சின்னதாகக் கலைந்த மேகத் துண்டு போல மங்கலாகத் தெரியும்.